பட்டைத் தோணியும் பாய்ச்சல் நீர் மீனும்

கேள்வி: வட அமெரிக்கப் பேரேரிகளில் பழங்குடியினர் மரப்பட்டைத் தோணியில் சென்றார்கள் என்கிறார்கள். அது பாறையில் மோதினால் கிழிந்துவிடாதா?

பதில்: கிழியும், ஆனால் கிழிந்த இடத்திலேயே செப்பனிட முடிந்ததுதான் அதன் சிறப்பு. பேரேரிப் பகுதிப் பழங்குடியினரான அனிஷினாபே மக்கள் பூர்ச்ச (birch) மரப்பட்டையை உடலாக்கி, வெள்ளை செடார் மரக் கீற்றுகளை விலாவாக வளைத்து, ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, தையல்களைப் பிசினால் அடைத்தார்கள். இவை யாவும் கரையோரக் காட்டிலேயே கிடைத்தன. 1793இல் தோல் வணிகரும் நாடுகாண் பயணியுமான அலெக்சாண்டர் மெக்கன்சி பசிபிக் கடலை நோக்கிப் புறப்பட்ட 25 அடித் தோணி பத்துப் பேரையும் 3,000 பவுண்டுச் சுமையையும் தாங்கியது. ஆயினும் வெறுந்தோணியை இருவர் மூன்று நான்கு மைல் இளைப்பாறாமல் சுமக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கேள்வி: தோணியை ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: அருவிகளும் நீர்வழிகளுக்கு இடைப்பட்ட நிலமும் குறுக்கிட்டதால். பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரிக்கரையின் கிராண்ட் போர்ட்டேஜில் அந்த நடைவழி எட்டரை மைல். விலங்குத் தோல் வணிகத்தின் தோணிக்காரர்கள் நெற்றியில் தோல்வார் மாட்டி, 90 பவுண்டு மூட்டைகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்கள்.

கேள்வி: வழியில் மீன் பிடித்து உண்டார்களா?

பதில்: மிகக் குறைவு. விரைந்து செல்ல வேண்டியிருந்ததால் சோளமும் கொழுப்புமே அவர்களின் உணவு. குளிர்காலம் கழிக்கும் வணிகக் கோட்டைகளிலோ பனிக்கட்டிக்கு அடியில் விரித்த, மீனின் செவுள் சிக்கும் செவுள் வலையே பலரின் உயிரைக் காத்தது.

கேள்வி: பாய்ந்தோடும் நீரில் தோணியிலிருந்து மீன் பிடிக்க முடியுமா?

பதில்: சுப்பீரியர் ஏரியின் நீர் பாய்ந்து வெளியேறும் சூ செயின்ட் மேரியில் அனிஷினாபே மக்கள் நூற்றாண்டுகளாகப் பிடித்தார்கள். தோணியின் பின்முனையான அமரத்தில் நிற்பவர் கோலை ஊன்றி நீரின் வேகத்துக்கு எதிராகத் தோணியை நிறுத்துவார். முன்முனையான அணியத்தில் நிற்பவர் ஒயிட்ஃபிஷ் எனும் வெள்ளை மீன் கண்ணில் பட்டதும் நீண்ட கம்பில் கட்டிய அத்தாங்கு எனும் கைவலையினால் கோலி எடுப்பார். நீரை வாசிக்கும் இந்தத் திறனை நான் எந்தக் கலைக்கும் குறைவாக மதிப்பதில்லை. அமெரிக்க அரசுடனான 1820ஆம் ஆண்டு உடன்படிக்கை அங்கே மீன்பிடிக்கும் நிரந்தர உரிமையை அம்மக்களுக்கு உறுதி செய்தது. ஆனால் கப்பல் கால்வாய் திறந்த 1855ஆம் ஆண்டிலேயே மற்றோர் உடன்படிக்கை அதைப் பறித்துக்கொண்டது. "நிரந்தரம்" என்ற சொல் முப்பத்தைந்து ஆண்டுகளே நீடித்தது என்பதை இன்றும் வருத்தமின்றி எழுத முடியவில்லை.

கேள்வி: இரவிலும் பிடித்தார்களா?

பதில்: ஆம், பூர்ச்சப் பட்டையில் தீப்பந்தம் கொளுத்தி, வெளிச்சத்தில் தெரியும் மீனை ஈட்டியால் குத்தினார்கள். அதைக் கண்ட பிரெஞ்சு வணிகர்கள் விஸ்கான்சினில் ஓர் ஏரிக்குத் தீப்பந்த ஏரி என்னும் பொருளில் லாக் டு ஃபிளாம்போ என்று பெயரிட்டார்கள். அங்குள்ள ஊரின் பெயர் இன்றும் அதுவே.