புத்தகத்தில் இருக்கும் நிரல் ஓடவில்லை, தவறு யாருடையது?

கேள்வி: பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கத் தொடக்கநிலைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதிலுள்ள நிரல்களை ஓர் எழுத்துகூட மாறாமல் தட்டினாலும் பாதிக்கு மேல் ஓடவில்லை. எனக்கு இது வராதோ என்று பயமாக இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பழகியவர் அச்சுப்பிழையைப் பார்த்ததும் தானே திருத்திக்கொண்டு மேலே போய்விடுவார். புதிதாகப் படிப்பவருக்கு எது பிழை என்றே தெரியாது. தொடக்கநிலைப் புத்தகத்தில் நிரலைச் சோதிக்காமல் அச்சிடுவது எனக்கு ஆறாத கோபம் தரும் விஷயம்.

சரி, உங்கள் புத்தகம் எந்தப் பைத்தானுக்கு எழுதப்பட்டது, பழைய 2-க்கா, புதிய 3-க்கா? முன்னுரையிலோ பதிப்புரிமைப் பக்கத்திலோ இருக்கும். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு நின்றுவிட்டது. 'பிரிண்ட்' கட்டளைக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் மேற்கோள் குறி வந்தால் அது பழைய பைத்தான். இதையாவது பிழைச் செய்தி காட்டிக்கொடுத்துவிடும். வகுத்தல் அப்படியல்ல. 3/2 என்று கொடுத்தால் பழையதில் 1, புதியதில் 1.5. நிரல் ஓடும், விடை மட்டும் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. இதில்தான் பலர் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நிரலை வேர்டு போன்ற மென்பொருளில் தட்டினீர்களா? அது நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், பைத்தான் அதை ஏற்காது. அப்புறம், பக்கம் மாறும் இடத்தில் வரியின் தொடக்க இடைவெளி அச்சில் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பைத்தானில் அந்த இடைவெளிக்கே பொருள் உண்டு.

பல பதிப்பகங்கள் நிரல் கோப்புகளையும் பிழைதிருத்தப் பட்டியலையும் தங்கள் தளத்தில் வைத்திருக்கும். அந்தக் கோப்பு ஓடி, உங்களுடையது ஓடாவிட்டால் இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். பிழைதிருத்தப் பட்டியல் நீளமாக இருந்தால் மிரள வேண்டாம். வாசகர் சொன்னதை யாரோ கேட்டுத் திருத்துகிறார்கள் என்று அர்த்தம். பட்டியலே இல்லாத புத்தகத்தைத்தான் நான் வாங்கத் தயங்குவேன்.

திருப்பிக் கொடுப்பதைப் பொறுத்தவரை, அட்டையிலேயே பைத்தான் 2 என்று போட்டிருந்தால் வாதாடுவது கடினம். பைத்தான் 3 என்று போட்டு உள்ளே பழைய நிரல் இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. பக்க எண், பிழைச் செய்தி, நீங்கள் பயன்படுத்தும் பைத்தான் பதிப்பு மூன்றையும் குறித்து, அந்தப் பக்கங்களின் படத்தோடு விற்றவருக்கும் பதிப்பகத்துக்கும் எழுதுங்கள். ஓரிரு அச்சுப்பிழைதான் என்றால் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பதிப்பகத்துக்கு மட்டும் தெரிவியுங்கள். அடுத்த அச்சில் திருத்த வாய்ப்பிருக்கிறது.