பத்திரம் என் பெயரில், பட்டா அவர் பெயரில்!

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் 2009-ல் 40 சென்ட் புஞ்சை வாங்கினோம். கிரயப் பத்திரம் என் பெயரில் பதிவாகிப் பெட்டியில் இருக்கிறது. இப்போது பட்டா எடுத்துப் பார்த்தால் இன்னும் விற்றவர் பெயர்தான். அவரும் காலமாகிவிட்டார். நிலம் கையை விட்டுப் போய்விடுமா?

பதில்: பட்டா மாறாததால் மட்டும் போய்விடாது அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். தாளுக்குத் தாள் '1 புத்தகம்', ஆவண எண், வருடம், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று முத்திரை இருக்கும். வீடு, நிலம் விற்ற பத்திரமெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த 1-ஆம் புத்தகத்தில்தான் ஏறும். உங்கள் உரிமைக்கு ஆதாரம் அதுதான். வெறும் பட்டாவை மட்டும் வைத்து உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். பதிவு ஆபீஸ் பத்திரத்தைப் பதிகிறது. பட்டா முதலான நிலக் கணக்கு இருப்பது தாலுகா ஆபீசில். பத்திரம் எழுதியே காலம் கழித்தவன் நான். பதிவோடு வேலை முடிந்தது என்று நம்பிப் போனவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். பழைய பட்டாவைக் காட்டி வாரிசுகள் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டால், கோர்ட்டுக்கு அலைவது நீங்கள்தானே?

உங்கள் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் சுலபம், உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல். 'இதில் கிழக்குப்புறம் 40 சென்ட்' என்பதுபோல இருந்தால் அந்தச் சர்வே எண்ணைப் பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில், அதாவது அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில், கோடு போட்டு, புது உட்பிரிவு எண் தர வேண்டும். பெரும்பாலும் இழுபறி இங்கேதான்.

பத்திர நகல், விற்றவருக்கு அந்த நிலம் வந்த மூலப்பத்திரம், 2009-க்கு முன்பிருந்து இன்று வரை அந்த நிலத்தின் மீது பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் மனு கொடுங்கள். மூலப்பத்திரத்தில் பழைய சர்வே எண் இருந்தால் அதற்கும் சேர்த்தே வில்லங்கச் சான்று கேளுங்கள். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் வரும். 40 சென்ட் என்றால் சுமார் 16 ஏர்ஸ், குறைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். விற்றவர் இல்லாததால் மாறுதல் நின்றுவிடாது. தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களோடு விற்றவரின் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். அளந்து கல் ஊன்றுவதை அவர்களும் பார்க்கட்டும்.