மாணவத் தலைவர் பட்டை இல்லாத மகளின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

சிங்கப்பூர்ப் பள்ளியொன்றில் தொடக்கநிலை 3இல் படிக்கும் உங்கள் மகள் மாணவத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றும், விரும்பிக் கேட்ட நடனக் குழுவில் இடம் இல்லாமல் பிரவுனி என்னும் சிறுமியர் சாரணியர் குழுவில் சேர்க்கப்பட்டாள் என்றும், அதை ஈடுகட்டுவதற்காக வார இறுதியில் பரதநாட்டியம், நீச்சல், சதுரங்கம், மேடைப்பேச்சு என நான்கு வகுப்புகளுக்கு அவளை அனுப்பிவருகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல உயர்நிலைப் பள்ளியில் சேர இவை போதுமா என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்குமுன், இவற்றில் எது எங்கே கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். என்னிடம் வரும் பெற்றோர் பலரின் பதற்றத்துக்கு, உயர்நிலைப் பள்ளியின் விதிகளைத் தொடக்கநிலைக்கும் பொருத்திப் பார்ப்பதே காரணமாக இருக்கிறது.

நடனம், பிரவுனி போன்ற இணைப்பாட நடவடிக்கை உயர்நிலைப் பள்ளியில்தான் கட்டாயம். தொடக்கநிலையில் அது ஊக்குவிக்கப்படுகிறதே தவிரக் கட்டாயமாக்கப்படவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் தொடக்கநிலை 3 அல்லது அதற்குப் பிறகே தொடங்குகிறது. இணைப்பாட நடவடிக்கை, தலைமைத்துவம், சேவை ஆகியவற்றை மதிப்பிட்டு, உயர்நிலைக்குப் பின் சேரும் தொடக்கக் கல்லூரிக்கான சேர்க்கையின்போது இரண்டு போனஸ் புள்ளிகள் வரை பெற்றுத் தரக்கூடிய ‘லீப்ஸ் 2.0’ முறையும் உயர்நிலை ஆண்டுகளை மட்டுமே பார்க்கிறது. தொடக்கநிலை 6இன் இறுதியில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் 2021 முதல் நான்கு பாடங்களின் அடைவுநிலைகளைக் கூட்டி 4 முதல் 32 வரை மொத்தப் புள்ளி கணக்கிடப்படுகிறது. அந்தப் புள்ளியை வைத்து உயர்நிலைப் பள்ளி ஒதுக்கப்படும்போது, மாணவத் தலைவர் பட்டையும் பிரவுனி சின்னமும் எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்துவதில்லை. ஆகவே ஒன்பது வயதில் அந்தப் பட்டை கிடைக்காததால் எந்தக் கதவும் மூடிவிடவில்லை.

வகுப்பறைக்கு வெளியே காட்டும் திறன் உண்மையிலேயே எடைபோடப்படும் ஒரு வழி இருக்கிறது. 2004இல் அறிமுகமான நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டமே அது. தொடக்கநிலை 6இல், பிஎஸ்எல்இ தேர்வுக்கு முன்பே, விளையாட்டு, கலை, தலைமைத்துவம் போன்ற ஏதேனும் ஒரு திறனை முன்வைத்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. நேர்காணலும் திறன்தேர்வும் நடத்தி, பள்ளிகள் தங்கள் இடங்களில் ஒரு பகுதியை இவ்வழியில் நிரப்புகின்றன. ஆனால் இத்திட்டம் பலதுறைச் சான்றிதழ்களை எண்ணிப் பார்ப்பதன்று. ஒரு துறையில் பிள்ளைக்கு இருக்கும் பற்றையும் ஆழத்தையும் பார்ப்பது. அதோடு, இடத்தை ஏற்றுக்கொண்ட மாணவர் பிஎஸ்எல்இ முடிவு எவ்வளவு சிறப்பாக வந்தாலும் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது; எந்தத் திறனுக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டாரோ அதை அங்கே தொடர வேண்டும் என்றும் எதிர்பார்க்கப்படுவார். பிடிக்காத சதுரங்கத்தை இதற்காகவே நான்காண்டுகள் ஆடிய பிள்ளை, அதையே மேலும் நான்காண்டுகள் ஆட வேண்டியிருக்கும். இத்திட்டத்தை மனத்தில் வைத்துத் தொடக்கநிலை 3இலேயே பிள்ளையின் வார இறுதியை வகுப்புகளால் நிரப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

தலைமைத்துவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பதவியின் பெயரை மட்டும் கேட்டு நேர்காணல் நடத்துபவர் நிறைவடைவதில்லை. அந்தப் பொறுப்பில் என்ன செய்தாய், குழுவில் ஒருவர் ஒத்துழைக்காதபோது எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பார். இதற்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமானால், பிள்ளை உண்மையில் ஏதேனும் ஒரு பொறுப்பைச் சுமந்திருக்க வேண்டும். இந்த நோக்கில், நீங்கள் மனக்குறையோடு குறிப்பிட்ட பிரவுனி குழுவை நான் உயர்வாகவே கருதுகிறேன். 1917 முதல் சிங்கப்பூரில் இயங்கிவரும் பெண் சாரணியர் இயக்கத்தின் இளையோர் பிரிவு அது. பிள்ளைகள் சிறுசிறு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணியையும் அவர்களுள் ஒருத்தியே வழிநடத்துகிறாள். முப்பது பேர் ஆடும் நடனத்தில் கடைசி வரிசையில் நிற்பதைவிட, ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையை முடிப்பதில் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளும்.

வகுப்பிலும் இத்தகைய வாய்ப்புகள் உண்டு: நூலகப் புத்தகங்களை எண்ணி வாங்குவது, வகுப்பறையைத் துப்புரவு செய்யும் முறையை ஒழுங்குபடுத்துவது, புதிதாகச் சேர்ந்த மாணவரை இடைவேளையில் உணவகத்துக்கு அழைத்துச் செல்வது போன்றவை. இவற்றுக்குப் பட்டை கிடையாதுதான், ஆனால் ஆசிரியர் கவனிக்காமல் இருக்கமாட்டார். எடுசேவ் என்னும் அரசாங்கக் கல்வி நிதித் திட்டத்தின்கீழ்த் தொடக்கநிலை 4 முதல் வழங்கப்படும் விருதுகளில் தலைமைத்துவத்தையும் சேவையையும் நன்னடத்தையையும் போற்றும் விருது ஒன்று உண்டு.

உங்கள் மகள் ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறாள், பாட்டியிடம் தமிழில் ஓயாமல் பேசுகிறாள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு முக்கியமாகப்பட்ட வரி அதுதான். தொடக்கநிலை 3 முதல் ஒரு வகுப்பில் 40 பேர் வரை இருக்கலாம். தமிழ் வகுப்போ பல பள்ளிகளில் அதைவிட மிகச் சிறியது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுகூடும் இடமும் அதுவே. நாற்பது பேரில் ஒருத்தியாக ஒதுங்கும் பிள்ளை அங்கே முன்னால் வந்து நிற்க முடியும். தமிழாசிரியரிடம் பேசி, கதைசொல்லுதல், வாசிப்புக் குழு, சிறு நாடகம் ஆகியவற்றில் அவளுக்கு ஒரு வேலை தரச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவுடன் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் தொடக்கநிலை மாணவர்களுக்கான போட்டிகளும் இடம்பெறுகின்றன. பரிசு வாங்க வேண்டும் என்ற நிபந்தனையில்லாமல் ஒருமுறை பங்கேற்கட்டும். மேடைப்பேச்சு வகுப்புக்கு நீங்கள் கட்டும் பணத்தைவிட அது அதிகம் பயன்தரும் என்பது என் கருத்து.

இனி அந்த நான்கு வகுப்புகள். நீச்சலை அவள் தன்னம்பிக்கையோடு நீந்தும்வரை தொடருங்கள். அது உயிர்காக்கும் திறன். பரதநாட்டியம் அவளே கேட்டுச் சேர்ந்தது என்பதால் அதுவும் இருக்கட்டும். மற்ற இரண்டையும் இந்தப் பருவத்தின் முடிவில் நிறுத்திவிடலாம். நிறுத்துமுன் அவளைக் கேளுங்கள். சதுரங்கத்தில் உண்மையிலேயே நாட்டம் இருந்தால் சமூக மன்றத்திலோ வீட்டில் தாத்தாவுடனோ ஆடட்டும். அரசாங்கம் ஆண்டுதோறும் தொடக்கநிலை மாணவரின் எடுசேவ் கணக்கில் செலுத்தும் 230 வெள்ளியைப் பள்ளி ஏற்பாடு செய்யும் செறிவூட்டல் நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில், ‘இவளை எப்போது மாணவத் தலைவர் ஆக்குவீர்கள்’ என்று கேட்காமல், ‘வகுப்பில் இவள் எந்த வேலையைத் தானாக எடுத்துச் செய்கிறாள்’ என்று கேளுங்கள். நடனக் குழுவில் அடுத்த ஆண்டு மாறிக்கொள்ள இடமுண்டா என்று பொறுப்பாசிரியருக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி வைக்கலாம். வெளியில் பரதநாட்டியம் பயின்றுவருவதையும் அதில் குறிப்பிடுங்கள். ஆண்டிறுதியில், அவள் பிரவுனி குழுவிலேயே இருக்க விரும்புகிறேன் என்று சொன்னால், அந்த மின்னஞ்சலை மறந்துவிடுங்கள்.