இலவச விளையாட்டில் போகும் பணம்

கேள்வி: பள்ளி விடுமுறையில் என் மகன் கைப்பேசியில் ஆடும் இலவச விளையாட்டில், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே விளம்பரம் வருகிறது, வைரம் வாங்கச் சொல்லித் தூண்டுகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்திருந்த பணமும் என் கணக்கிலிருந்து போய்விட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, மண்டபம்.

பதில்: சகோதரி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்களில் ஒவ்வொரு ரூபாயின் அருமையும் உங்களுக்குத் தெரியும், அந்த ரூபாயை வைரமாகவும் நாணயமாகவும் மாற்றிக் காட்டி, செலவாவது உண்மைப் பணம் என்பதையே குழந்தை மறக்கும்படி இவ்விளையாட்டுகள் அமைக்கப்படுகின்றன. மகனைக் கடிந்துகொள்ளாதீர்கள். இத்தகைய விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

கூகுள் பிளே வழியாகப் பணம் போயிருந்தால், 48 மணி நேரத்துக்குள் அங்கேயே திருப்பிக் கேளுங்கள். பிந்திவிட்டால் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றி, கூகுள் பிளேயில் சேமித்துள்ள அட்டை விவரத்தையும் நீக்கிவிடுங்கள். இணையமின்றி ஓடும் விளையாட்டென்றால், டேட்டாவை நிறுத்திவிட்டு ஆடும்போது விளம்பரங்கள் பெரும்பாலும் வருவதில்லை.