கோலாலம்பூருக்கு மகளைக் கூட்டி வரலாமா?

வணக்கம் தங்கச்சி. நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கணவருக்கு கோலாலம்பூர் பக்கத்தில் உள்ள சைபர்ஜெயாவில் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்குப் பன்னிரண்டு வயது, அறிவுசார் குறைபாடு, ஊரில் சிறப்புப் பள்ளியில் படிக்கிறாள். இங்கே வந்தால் எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பெரியவளானதும் அவள் இங்கே ஒரு வேலைக்குப் போக முடியுமா, வருவதா வேண்டாமா.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீடு செந்தூலில். மகனுக்கு டவுன் சின்ட்ரோம். இப்போது ஒரு பேரங்காடியில் சரக்கு அடுக்கும் வேலைக்குப் போகிறான். ஆனால் எங்கள் கதையை அப்படியே உங்களுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் மலேசியக் குடிமகன், உங்கள் மகள் அப்படியில்லை. இங்கே எல்லாம் அந்த இடத்தில்தான் பிரிகிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருவார், மகள் குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில் வருவாள். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது 18 வயதோடு முடிந்தும் போகும். அதன் பிறகு அவள் உங்களோடு தங்குவதற்கு நீண்டகால வருகைப் பாஸ் கேட்க வேண்டியிருக்கும், அதை வைத்தும் வேலைக்குப் போக முடியாது. ஆக, உங்கள் மகள் இங்கே கற்றுக்கொள்ளலாம், ஆனால் வேலை என்று வந்தால் அது பெரும்பாலும் நம் ஊரில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளி தேடினால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, இங்கே எல்லோரும் உங்களிடம் சொல்லப்போகும் ஓகேயூ கார்டு. 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூகநல இலாகா தரும் அட்டை அது. ரயில் கட்டணச் சலுகை, சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட், குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிக்கு மாத உதவித்தொகை என்று பல உதவிகள் இருக்கின்றன. இவை குடிமக்களுக்கு என்று வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "இலாகாவில் போய்க் கேளுங்கள், எல்லாம் கிடைக்கும்" என்பார். அவர் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும், அது உண்மைதான்.

சரி, பள்ளி. அரசாங்கப் பள்ளிகளில் மூன்று வழிகள் உண்டு: தனிச் சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே சிறப்பு வகுப்பு, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் வகுப்பு. உங்கள் மகளைப் போன்றவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறார்கள். பிபிகேஐ என்பார்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் அந்த வகுப்பு உண்டு. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சமையல், தையல், தோட்டவேலை மாதிரி தொழில் பாடங்கள் வந்துவிடும், 19 வயது வரை இருக்கலாம். குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2019இல் கொள்கையும் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கேட்க வேண்டுமானால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். காலி இடம் இருந்து, அனுமதியும் கிடைத்தால்தான் உண்டு. இதை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

மிச்சம் தனியார்தான். அனைத்துலகப் பள்ளிகளில் பல, முதலில் சிரித்துப் பேசிவிட்டு அப்புறம் "உங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும், அதாவது வகுப்பில் பிள்ளையின் கூடவே இருக்கும் தனி உதவியாளர். பெட்டாலிங் ஜெயா, சுபாங் பக்கம் தனியார் சிறப்புக் கல்வி மையங்கள் நிறைய. கட்டணம் உங்கள் வீட்டு வாடகையைத் தொடும். போய்ப் பார்க்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்க்காதீர்கள். பெரிய பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தட்டைக் கழுவுவது யார், பிள்ளைகளா ஆயாவா? வாரத்தில் எத்தனை தடவை கட்டடத்தை விட்டு வெளியே போகிறார்கள்? பதினாறு வயதுப் பெண் இன்னும் ஏபிசிடிக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். எழுத்து வரக் கூடாது என்று சொல்லவில்லை. "ஆபத்து", "பெண்கள்", "வெளியே செல்லும் வழி" என்ற பலகைகளை இங்கே மலாயில் அடையாளம் காணத் தெரிந்தால், முழு வாசகம் எழுதுவதை விட அது அவளுக்கு உதவும்.

மொழியைப் பற்றி ஒன்று. "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், குழம்பிவிடுவாள்" என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் கெடுதல் என்று தெரியவரவில்லை. தமிழை நிறுத்திவிடாதீர்கள். திரும்பிப் போய் அவள் வாழப்போவது அந்த மொழியில்தானே.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. பள்ளி எதுவானாலும், தனியாக வாழக் கற்பது வீட்டில்தான் நடக்கும். இங்கே வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களில் பலர் முதலில் செய்வது வீட்டுக்கு ஒரு பணிப்பெண் வைப்பது. அந்த அம்மா நல்லவராகவே இருப்பார், பிள்ளைக்குத் தலை வாரி, ஷூ மாட்டி, ஊட்டியும் விடுவார். இரண்டு வருடத்தில் ஊரில் தெரிந்ததையும் பிள்ளை மறந்துவிடும். ஆள் வைத்தால் வீட்டைக் கூட்டித் துடைக்க மட்டும் வையுங்கள்.

கற்றுக்கொடுப்பதற்கு நிதானமான வழி ஒன்று உண்டு. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிப்பது. ரைஸ் குக்கரில் சோறு வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி அளப்பது, களைவது, தண்ணீர் ஊற்றுவது, பாத்திரத்தின் அடியைத் துடைப்பது, உள்ளே வைப்பது, மூடுவது, சுவிட்சைத் தட்டுவது. முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள், சுவிட்சை மட்டும் அவள் தட்டட்டும். அன்றைக்கே அவள் சோறு வைத்தவள் ஆகிறாள். அடுத்து மூடுவதும் தட்டுவதும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். தண்ணீர் அளவுக்குப் பாத்திரத்தில் உள்ள கோடு புரியவில்லை என்றால் ஒரு டம்ளரில் நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கொடுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு தொட்டுக் காட்டுவது, பிறகு சும்மா நிற்பது என்று உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சும்மா நிற்பதுதான் நமக்குக் கஷ்டம்.

பணம் இந்த ஊரில் புதிதாகக் கற்க வேண்டிய பாடம். நோட்டை நிறத்தால் அடையாளம் சொல்லிக் கொடுத்திருந்தால், இங்கே 1 ரிங்கிட்டும் 50 ரிங்கிட்டும் நீலச் சாயலில் இருக்கும், பெரியவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எண்ணைப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு நல்ல விஷயம், கடையில் மொத்தப் பில்லை 5 சென்னுக்கு முழுமையாக்கிவிடுவார்கள், ஒரு சென் தொல்லை கிடையாது. இப்போது மாமாக் கடை என்று இங்கே சொல்லும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கூட க்யூஆர் ஸ்கேன்தான். போனில் பணம் கட்டக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அதில் இருபது முப்பது ரிங்கிட்டுக்கு மேல் போட்டு வைக்காதீர்கள். "மூன்று ரிங்கிட் ஐம்பது சென்" என்றால் நான்கு ரிங்கிட் கொடுத்து மீதி வாங்கு என்று பழக்கினால் போதும், கூட்டல் கழித்தல் பிறகு வரட்டும்.

ரயில் பயிற்சிக்குக் கோலாலம்பூர் நல்ல ஊர். நடைமேடையில் தடுப்புக் கதவு உள்ள ரயில் பாதைகள் இருக்கின்றன, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அறிவிப்பு வரும். எங்கள் செந்தூல் பாராட்டிலிருந்து புத்ராஜெயா பாதையில் ஏறினால் சைபர்ஜெயா வரை ஒரே ரயில். நிறுத்தங்களை எண்ணச் சொல்வதை விட, இறங்க வேண்டிய நிலையத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைக் காதில் வாங்கப் பழக்கினோம். அந்தப் பெயர் வந்ததும் எழுந்து கதவருகே போக வேண்டும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்புறம் அதே பெட்டியில் தள்ளி, அப்புறம் அடுத்த பெட்டியில். வழி தவறினால் சீருடை போட்டவரிடம் போய்ச் சட்டைப்பையில் இருக்கும் அட்டையைக் காட்ட வேண்டும், அட்டையில் என் போன் நம்பர். பெண் பிள்ளை என்பதால் நீங்கள் பயப்படுவீர்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது, வேண்டாம் என்று சத்தமாகச் சொல்வது, இதையெல்லாம் ரயிலுக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். பன்னிரண்டு வயது அதற்கு ஏற்ற வயது.

வேலை விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மகன் முதலில் போன இடத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்து அட்டைப்பெட்டி மடிக்கச் சொன்னார்கள். விருந்தாளி வந்தால் அவனை அழைத்துப் படம் எடுப்பார்கள். மாதக் கடைசியில் கையில் ஏதோ கொடுப்பார்கள். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டோம். இப்போதைய வேலைக்கு ஒரு வேலைப் பயிற்றுநர் கூடவே வந்தார். ஜாப் கோச் என்பார்கள், ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு சமூகநல இலாகா இங்கே வளர்த்த முறை. பிள்ளையை வருடக்கணக்கில் தயார்படுத்திவிட்டு வேலை தேடுவதில்லை, வேலையில் அமர்த்திவிட்டு அங்கேயே பழக்குவார்கள். அவர் முதலில் தானே அந்த வேலையைச் செய்து பார்த்தார், பிறகு இவனுக்குப் பிரித்துக் கொடுத்தார், கூட வேலை பார்க்கும் ஒரு மலாய் அக்காவைப் பழக்கிவிட்டு மெல்ல விலகிக்கொண்டார்.

சரக்கு அடுக்குவது மகனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வேலை போகும் நிலை வந்தது வேறு காரணங்களால். இடைவேளை முடிந்தும் திரும்பி வர மாட்டான், தெரியாத வாடிக்கையாளரைக் கட்டிப்பிடித்து நலம் விசாரிப்பான், மேற்பார்வையாளர் கண்டித்தால் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். மற்றப் பெற்றோரிடம் கேட்டாலும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள். அதனால் உங்கள் மகளுக்கு இப்போதிருந்தே அலாரம் அடித்தால் எழுந்து போவது, கை கொடுப்பதோடு நிறுத்துவது, "தப்பு" என்று சொன்னால் அழாமல் திருப்பிச் செய்வது, இவற்றைப் பழக்குங்கள். எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் செல்லுபடியாகும்.

நேரில் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் யுனைட்டட் வாய்ஸ், கற்றல் குறைபாடு உள்ளவர்களே பொறுப்பில் இருந்து நடத்தும் சங்கம். பினாங்கு போனால் பாலேக் பூலாவில் ஏஷியா கம்யூனிட்டி சர்வீஸ் நடத்தும் ஸ்டெப்பிங் ஸ்டோன் வேலை மையம், அங்கே நெசவும் தையலும் நடக்கும். சேர்ப்பதற்கு இல்லாவிட்டாலும் பெரியவர்களான பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வரலாமா என்றால், ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம் என்றால், பள்ளி உறுதியான பிறகு வாருங்கள். அவள் பதினேழு பதினெட்டு வயதில் ஊருக்குத் திரும்ப வேண்டிவரும் என்றால் நான் யோசிப்பேன். தொழிற்பயிற்சியில் சேர வேண்டிய நேரத்தில் ஊரில் அவளை யாருக்கும் தெரியாமல் போய்விடும். இப்போதுள்ள பள்ளியோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன் யூடிஐடி அட்டையை, அதாவது நம் ஊர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை, முடித்துவிடுங்கள். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டில் ஒரு முழு மதிப்பீடு செய்துகொள்ள முடிந்தால் நல்லது. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளராக, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதையும் விசாரித்து வையுங்கள்.

கையில் எடுத்து வர வேண்டியவை: உளவியலாளர் அறிக்கை, பள்ளி அறிக்கைகள் ஆங்கிலத்தில், மருந்துச் சீட்டு, அதோடு நீங்களே எழுதிய ஒரு பக்கம். அவளுக்கு எதைத் தனியாகச் செய்யத் தெரியும், எதற்கு உதவி வேண்டும், எதைக் கண்டால் பயம் என்று எழுதுங்கள். இங்கே எந்த மையத்துக்குப் போனாலும் அந்த ஒரு பக்கத்தைத்தான் டீச்சர் முதலில் படிப்பார். கணவரின் வேலைத் தேதி முடிவானதும் எழுதுங்கள், சைபர்ஜெயா பக்கம் உள்ள மையங்களில் எது எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன்.