லபீதின் மழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரபுக் கவிஞர் லபீதைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். பாலைவனத்தின் வெறுமைதான் அவரைக் கவிஞராக்கியது என்று தோன்றியது. இஸ்லாத்தை ஏற்றபின் கவிதையை விட்டுவிட்டார் என்கிறார்களே, ஏன்? அரபி தெரியாமல் அவரைப் படித்துப் பயனுண்டா?

ச.

அன்புள்ள ச.,

அரபி தெரியாவிட்டால் என்ன, மொழிபெயர்ப்பில் படியுங்கள். நானும் அப்படித்தான் படித்தேன். கவிதையை விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கி.பி. 661 வாக்கில் அவர் இறந்தது இராக்கின் கூஃபா நகரத்தில். அது இருக்கட்டும்.

என்னைத் தைத்தது ‘வெறுமை’ என்ற உங்கள் சொல். பாலைவனம் என்றதும் வெறுமை, தனிமை, மௌனம் என்று எழுதிவிடுகிறோம். கண்ணைத் திறந்து பார்க்காத சோம்பேறித்தனம் இது. முஅல்லகா என்ற அவருடைய நெடும்பாட்டு மழையில் நனைந்த கவிதை ஐயா! இரவில் வரும் மேகம், காலையில் வானத்தை மூடும் மேகம், மாலையில் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல இடிக்கும் மேகம் என்று தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிறார். பள்ளத்தாக்கின் இரு கரையிலும் மான்களும் தீக்கோழிகளும் குட்டியும் குஞ்சுமாகத் திரிகின்றன. மனிதர்கள்தான் இல்லை. விடியற்காலையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடாரத்தைச் சுற்றி வெட்டிய சிறு வாய்க்கால் கிடக்கிறது. எதற்கு அந்த வாய்க்கால்? மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க. என்றோ சில நாள் பெய்யும் மழைக்காக மண்ணை வெட்டி வைத்தவர்கள் வாழ்ந்த இடம் அது. அதைப் போய் வெறுமை என்கிறீர்கள்.

மண் மூடிய அந்தத் தடங்களை வெள்ளம் வந்து கழுவித் துலக்குகிறது. மங்கிய எழுத்தின்மேல் எழுதுகோல் மறுபடி ஓடியதுபோல, என்கிறார் லபீத். இந்த இடத்தைத் தாண்டி அன்று என்னால் படிக்க முடியவில்லை.

அப்பா இறந்த வருடம் அவருடைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. பென்சில் எழுத்து, பாதி அழிந்திருந்தது. அம்மா நீல மைப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தின்மேலும் எழுதினாள். அப்பா ‘ழ’ போட்டால் வால் அடுத்த வரிவரை இறங்கும். அந்த வால் மேலேயும் பேனாவை மெதுவாக இழுத்தாள். ஒரு பக்கத்தில் கூட்டல் தப்பாக இருந்தது. நான் காட்டினேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்தத் தப்பான எண்ணின்மேலேயே எழுதினாள்.

லபீதை முழுதாகப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.