ஒன்றரைக் கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: குரோம்பேட்டையில் அரை கிரவுண்டு மனையில் (1,200 சதுர அடி) 28 வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு, கீழும் மேலுமாக 1,500 சதுர அடி. எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெற்றோர் காலமாகிவிட்டதால் மூன்று பிள்ளைகள் சேர்ந்து விற்கிறார்கள். பெரியவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், தம்பி அமெரிக்காவில், தங்கை கோயம்புத்தூரில். விலை ஒன்றரைக் கோடி என்கிறார்கள். அதே தெருவில் காலி மனை சதுர அடி 7,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. "எங்க அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு, கதவெல்லாம் பர்மா தேக்கு" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர மாட்டேன் என்கிறது. பல மாதமாக வீடு பூட்டித்தான் கிடக்கிறது. எப்படிப் பேசி இறக்குவது?

பதில்: முதலில் அந்த ஒன்றரைக் கோடி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஐம்பது. பூர்வீக வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற கணக்கு. வீட்டுக்கு என்ன மதிப்பு என்று யாரும் பார்ப்பதில்லை, தனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு தொகை மனதில் வைத்துக் கூட்டிவிடுகிறார்கள். அப்படி வந்த எண்ணை நீங்கள் தேக்குக் கதவைக் குறை சொல்லி உடைக்க முடியாது. கதவைக் குறை சொன்னால் அவர்களின் அப்பாவைக் குறை சொன்ன மாதிரிதான் ஆகும், அதோடு பேச்சு முடிந்தது. வாஸ்து சொல்லி விலை குறைக்கிற பழக்கமும் நம்மவர்களிடம் இருக்கிறது, ஈசானிய மூலையில் பாத்ரூம் என்று ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த வீட்டில்தான் அந்த மூன்று பேரும் வளர்ந்து ஆளாகியிருக்கிறார்கள்.

சரி, வீட்டின் மதிப்பு எவ்வளவு? பேங்க் அனுப்பும் வேல்யூயர் (சொத்து மதிப்பீட்டாளர்) போடுவதைப் போலவே நீங்களும் போட்டுப் பாருங்கள். மனை 1,200 அடி, 7,000 வீதம் 84 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் அடிக்கு 2,300 என்று வைத்துக்கொண்டால் 1,500 அடிக்கு 34.5 லட்சம். வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் தேய்மானம் என்றால் 28 வருடத்தில் 42 சதவீதம் போய்விடும், மிச்சம் சுமார் 20 லட்சம். ஆக மொத்தம் 1.04 கோடி. அடிக்கு 2,300 என்பதும் ஒன்றரை சதவீதம் என்பதும் நான் வைத்த எண்கள். உங்கள் பகுதி இன்ஜினீயரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், எப்படிப் போட்டாலும் ஒன்றரைக் கோடி பக்கம் போகாது.

7,000 என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் முழுக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்) காசு கட்டாமலே பார்க்கலாம். அந்தத் தெருவின் சர்வே எண்களைப் போட்டால், சமீபத்தில் நடந்த கிரயங்களில் 'கைமாற்றுத் தொகை' என்ற இடத்தில் பத்திரத்தில் காட்டிய விலை இருக்கும். அது முழு விலையாக இல்லாமலும் இருக்கலாம், காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் அந்த ஏரியாவில் வீடு முடித்துக் கொடுத்த இரண்டு புரோக்கர்களிடமும் விசாரியுங்கள். இணையத்தில் விளம்பரமாக வருவது கேட்கிற விலை, அது கணக்கிலேயே வராது (விற்பவர்கள் அதைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள் என்பது வேறு விஷயம்). அரசின் வழிகாட்டி மதிப்பைக் காட்டியும் வாதாடாதீர்கள். அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான மதிப்பு, சிரித்துவிடுவார்கள்.

இப்போது பேச்சு. முதல் சந்திப்பிலேயே விலை சொல்லாதீர்கள். பெரியவரிடம் உட்கார்ந்து, எதற்காக விற்கிறார்கள், யாருக்கு அவசரம், விலையை யார் முடிவு செய்கிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவருக்குப் பண அவசரம் இருக்காது, விலையைப் பிடித்து வைத்திருப்பது அவராக இருக்கும். தங்கைக்கு மகள் கல்யாணமோ வீட்டுக் கடனோ இருக்கலாம், அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும். மூன்று பேருமே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பதால், பெரியவரிடம் மட்டும் பேசி முடித்த விலை முடிந்த விலை ஆகாது. தம்பி யாருக்காவது பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) கொடுத்திருக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது சந்திப்பில் ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். அதில் உங்கள் கடன் கணக்கு இருக்கட்டும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்கு, மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் என்ன விலைக்கு ஒப்புக்கொண்டாலும், வேல்யூயர் 1.04 கோடி என்று எழுதினால் கடன் 78 லட்சம்தான். ஒன்றரைக் கோடிக்கு வாங்கினால் மீதி 72 லட்சம் கைக்காசு, அதற்கு மேல் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 13.5 லட்சம். மொத்தம் 85.5 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். இதைத் தாளில் வரிசையாக எழுதிக் காட்டி, "சார், இது எனக்கு மட்டுமில்லை, லோன் போட்டு வாங்க வர்ற யாருக்கும் இதே கணக்குதான்" என்று சொல்லுங்கள். வீடு ஏன் இத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதற்கு விடை அந்தத் தாளில் இருக்கிறது, நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம்.

பிறகு உங்கள் விலை. ஒரு கோடியே இரண்டு லட்சத்தில் ஆரம்பியுங்கள். மொட்டை மாடியில் நீர்க்கசிவு, சீலிங்கில் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்த காரை, பழைய ஒயரிங் ஏதாவது இருந்தால் மேஸ்திரியிடம் வாங்கிய எஸ்டிமேட்டோடு பேசுங்கள், வெறும் வாயால் பேசாதீர்கள். பத்திரம் சுத்தமாக இருந்து வீடு மனதுக்கும் பிடித்திருந்தால் 1.10 வரை போகலாம். கணக்கை விட ஆறு லட்சம் அதிகம்தான், பிடித்த வீட்டுக்கு அதைக் கொடுப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் என்றால், போன் நம்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எப்போது திரும்பப் பேசலாம் என்று கேட்டால், ஆடி மாதம். வீடு பார்க்க ஆள் வராத மாதம், பேச நல்ல மாதம். விலையை முடித்துக்கொண்டு ஆவணியில் பதிவு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்களும் இதே மாதிரி ஒரு வீடு பேசினோம். "பத்திரத்தில் கைடுலைன் விலை (அரசின் வழிகாட்டி மதிப்பு) போடுங்க, மீதி கேஷா குடுங்க, பத்து லட்சம் குறைச்சுக்கிறோம்" என்கிறார்கள். லாபம்தானே?

பதில்: அவர்களுக்கு லாபம், உங்களுக்கு இல்லை. பத்திரத்தில் விலை குறைந்தால் பேங்க் அந்த விலைக்குத்தான் கடன் தரும், ரொக்கத்துக்கு எங்கே போவீர்கள்? நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை குறைவாக இருப்பதால் உங்கள் லாபம் கூடுதலாகத் தெரியும், அந்த வரியும் உங்கள் தலையில். வீட்டுக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதை விற்பவருக்குச் சொல்லுங்கள். வரிக்குப் பயந்துதான் ரொக்கம் கேட்கிறார்கள் என்றால், ஒரு ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, பழைய சொத்துக்கு 2001-ஆம் ஆண்டு சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. பயந்த அளவுக்கு வரி வராமலே போகலாம்.

இன்னொன்று. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவரில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு ஒரு சதவீதம் போதாது, அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டியிருக்கும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பதிவு நாளன்று சொன்னால் சார் பதிவாளர் ஆபீஸ் வாசலில் சண்டைதான்.

கேள்வி: விலை முடிந்து இரண்டு லட்சம் அட்வான்ஸும் வாங்கிவிட்டு, "வேறொருவர் அஞ்சு லட்சம் கூடக் கேட்கிறார்" என்கிறார் விற்பவர். என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், அந்த வேறொருவர் காணாமல் போய்விடுவார். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியது மட்டும்தான் என்றால், அவர் கேட்கும் ஐந்து லட்சத்தைப் பற்றிப் பேசவே பேசாமல், இந்த வாரமே ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா, இல்லை அட்வான்ஸைத் திருப்பித் தருகிறீர்களா என்று மட்டும் கேளுங்கள்.